குன்றுகளுக்கும் ஓர் எல்லை வேண்டும்

செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னமாகிவிட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராத்தியரின் படைத்தள நிலப்பரப்புகள் என்னும் தலைப்பில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. கோனார்களும் நாயக்கர்களும் பிஜப்பூர்ப் படைத்தலைவர்களும் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய கோட்டை, 1677 முதல் 1698 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளே அதனை ஆண்ட மராத்தியர் பெயரால் உலகேடு ஏறியது குறித்து நமக்கு மனக்குறை உண்டு. அதனை வேறொரு நாள் பேசலாம். இன்று கருதவேண்டியது, சுவர்களையும் களஞ்சியங்களையும் போற்றியதோடு நில்லாமல், அவற்றைத் தாங்கும் மலைகளையும் சேர்த்தே அக்குழு மரபுடைமையாக ஏற்றிருக்கிறது என்பதையே. விழுப்புரம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்த ஏற்பு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளின் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அவற்றோடு ஒருங்கு பிறந்த ஏனைய குன்றுகள், வருவாய்த் துறையின் ஏடுகளில் பாறைப் புறம்போக்கு என்றும் கல்லாங்குத்து என்றும் குறிக்கப்பெற்று ஏலத்துக்குக் காத்திருக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கண்டவர்கள் இவற்றை மலையென்று அழைக்கவே தயங்குவர். ராஜகிரியின் உயரமே ஏறத்தாழ 800 அடிதான். ஆனால் அகவையில் இவை இமயத்தினும் மிக மூத்தவை. இமயம் எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகள் ஆகின்றன. வட தமிழகத்தின் அடிப்பாறைகளோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அன்று நிலத்தில் ஒரு புல்லும் இல்லை, கடலில் ஒரு மீனும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே உலகின் உயிர்க்குலம். இன்று குன்றாக நிமிர்ந்து நிற்பது, அன்று நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கொதித்துக் கிடந்து மெல்ல மெல்ல உறைந்த கல். மேலிருந்த மலைகளெல்லாம் அரிக்கப்பட்டுக் கடல் சேர்ந்தபின், அவற்றின் அடிவேர்தான் வெளியே தெரிகிறது.

செஞ்சிக்கு முதன்முறை செல்வோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இத்தனை உருண்டைப் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவர் யார்? எவரும் அடுக்கவில்லை. மேற்சுமை குறையக் குறைய உள்ளழுத்தம் தளர்ந்து கிரானைட் விரிந்தது. விரிந்த கல்லில் நெடுக்கும் குறுக்கும் கிடையாகவும் வெடிப்புகள் ஓடி, அது பெரும் பெரும் கட்டிகளாகப் பிரிந்தது. அவ்வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்கிற்று. கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நெடுங்காலம் நீர்பட்டால் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மணலாக உதிரும். ஒவ்வொரு கட்டியின் மூலையையும் நீர் மூன்று பக்கத்திலிருந்து தாக்கியது, விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, முகத்தை ஒரு பக்கத்திலிருந்து. ஆதலால் மூலை முதலில் கரைந்தது. சதுரக் கட்டி மண்ணுக்குள் புதைந்திருக்கும்போதே உருண்டையாயிற்று. பிறகு சுற்றியிருந்த மொரம்பு முழுவதையும் மழை அடித்துச் செல்லவே, உள்ளிருந்த உருண்டைகள் இருந்த இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாய் இறங்கி நின்றன. இன்றும் அவற்றின் மேற்பரப்பு வெங்காயச் சருகுபோல் ஏடேடாக உரிந்துகொண்டிருப்பதை யாரும் தொட்டுப் பார்க்கலாம். கோட்டையிலுள்ள செட்டிக்குளத்தின் அருகே பாறைமேல் தனித்து அமர்ந்திருக்கும் ஓர் உருண்டைக் கல்லின் நடுவே கிணறுபோல் ஒரு துளை இயற்கையாகவே அமைந்திருக்கிறது. கோட்டைக்காரர்கள் அதன்மேல் செங்கற்சுவர் எழுப்பிக் கைதிகளை உள்ளே தள்ளினர் என்கிறார்கள்; சிறைக்கிணறு என்பது அதன் பெயர்.

கோட்டை கட்டிய கொத்தர்கள் இக்கல்லின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளும் மதிலைக் கூர்ந்து நோக்கினால், பாறைகள் தாமே அரணாக நிற்கும் இடங்களில் மதில் தாழ்ந்தும், பாறைகளுக்கு இடையே வழி கிடைக்கும் இடங்களில் உயர்ந்தும் செல்வது புலப்படும். இடைவெளிகளை அடைப்பதே மதிலின் வேலை. ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவொன்று பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. அதன்மேல் கிடந்த மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் உச்சி தனித்தீவு. சிலர் நின்றாலே பெரும்படையைத் தடுக்கலாம். மேலே பாறைக் குழிகளில் மழைநீர் தங்கும் சுனைகள் இருந்தன. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் வளைத்த கோட்டை 1698இல்தான் வீழ்ந்தது. உள்ளிருந்த மராத்திய மன்னர் ராஜாராமின் வீரத்தோடு தளபதியின் மெத்தனமும் அதற்குக் காரணம் என்பர் வரலாற்றாசிரியர். அவ்விருவரோடும் 250 கோடி ஆண்டுப் பாறையையும் சேர்த்து எண்ணுவதே நேர்மை.

இப்பாறையின் உறுதியை உணர்ந்து கோயிலுக்கு முதலில் பயன்கொண்டவன் மகேந்திரவர்மப் பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எவையும் இன்றி அதனைச் சமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவனே பெருமிதத்தோடு பொறித்துள்ளான். அதற்குமுன் இங்கே தெய்வங்களின் இல்லங்கள் அழியும் பொருள்களால் ஆனவை. இக்கல்லோ உளிக்கு எளிதில் வசப்படாதது. அஜந்தாவின் எரிமலைப் பாறையும் எல்லோராவின் பாறையும் இதனை நோக்க இணக்கமானவை. அங்கே சிற்பி தன் விருப்பம்போல் நுணுக்கம் காட்ட முடிந்தது. மண்டகப்பட்டின் தூண்களைப் பாருங்கள்: மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டைக் கட்டு, அவ்வளவே, போதிகையில் பூவேலை இல்லை, தூணில் மாலை இல்லை. முகப்பின் இரு கோடியிலும் வாயிற்காவலர் இருவர் பருத்த தோளோடு நிற்கின்றனர். உள்ளே மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாயுள்ளன. முதன்முறை இந்தக் கல்லை எதிர்கொண்ட சிற்பியின் கை, எங்கே அழுத்தியது எங்கே தயங்கியது என்பதை அங்கே படிக்கலாம். அந்தத் தயக்கம் நீங்கியதுதான் பிற்காலத்து மாமல்லபுரம்.

மண்டகப்பட்டைத் தொடர்ந்து தளவானூர், சிங்கவரம், மேலைச்சேரி, கீழ்மாவிலங்கை என்று குடைவரைகள் இவ்வட்டாரமெங்கும் பரவின. பனைமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் குன்றின் உச்சியிலேயே கற்றளி எடுத்தான். பல்லவருக்கு முன்பே சமண முனிவர் இக்குன்றுகளை நாடியிருந்தனர். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஒரே பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரும் பன்னிருவர் பன்னிருவராக இரு வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அதே குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டும் உள்ளது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர், பிராமி வட்டெழுத்தாக மாறும் பருவத்துக்குச் சான்றாக அவ்வரிகளை விடாது எடுத்துக்காட்டுவர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், விழுப்புரத்துக்கு மேற்கே கீழ்வாலையிலும், செஞ்சிப் பக்கத்துச் செத்தவரையிலும் பாறை ஒதுக்குகளில் செங்காவி ஓவியங்கள். திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைக்குகையில் கல்லில் கீறிய உருவங்கள். எழுத்து பிறக்கும் முன்னரே மனிதன் இக்கல்லைத் தன் ஏடாகக் கொண்டிருந்தான்.

கிழக்கு நோக்கிச் சென்றால் கல்லின் இயல்பே மாறுகிறது. செஞ்சியிலிருந்து புதுவைக் கடற்கரை அறுபது எழுபது கிலோமீட்டர்தான். பேருந்தில் இரண்டு மணி நேரம். அதற்குள் 250 கோடி ஆண்டுப் படிகப் பாறையில் தொடங்கி, வழுதாவூர்ப் பக்கத்தில் டைனோசர் காலத்துக் கடலடிப் படிவங்களைக் கடந்து, திருவக்கரையின் மணற்பாறையை மிதித்து, கடலோரத்து வண்டலை அடைகிறோம். வழுதாவூரைச் சுற்றிய சுண்ணப் பாறைகளில் கிடந்த சிப்பிகளையும் சங்குகளையும் 1840ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயரான கேயும் கன்லிஃபும் திரட்டி இலண்டனுக்கு அனுப்ப, இயற்கையறிஞர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். உலகின் நிலவியல் நூல்களில் வழுதாவூர் என்னும் பெயர் நிலைத்தது அவ்வாறே. அவ்வூர் இளைஞருள் எத்தனை பேருக்கு இது பள்ளியில் சொல்லப்பட்டது என்று கேட்டால் நமக்கு நாணமே மிஞ்சும்.

திருவக்கரையின் கல்மரங்கள் இன்னும் அரியவை. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட அடிமரங்கள், மணலில் புதையுண்டு, அவற்றின் ஒவ்வோர் உயிரணுவிலும் சிலிக்கா புகுந்து கல்லாகிக் கிடக்கின்றன. கிளையும் வேரும் பட்டையும் இல்லாமையே அவை இவ்விடத்தில் வளர்ந்தவை அல்ல என்பதற்குச் சான்று. அறுபட்ட முகத்தில் மரத்தின் இழையோட்டம் இன்னும் தெளிவாக உள்ளது. விரலால் தட்டினால் ஓசை மட்டும் கல்லோசை. பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னேரா 1781இலேயே இவற்றைக் குறித்துவைத்தார். இந்தியப் புவியியல் ஆய்வகம் இதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்து வேலியிட்டுக் காத்துவருகிறது. முழுநிலா நாள்களில் வக்கிரகாளியம்மனை வழிபட அதே ஊருக்குப் பெருங்கூட்டம் வருகிறது. அக்கூட்டத்தில் பத்தில் ஒருவரேனும் கல்மரப் பூங்காவுக்குள் கால்வைத்தால் நன்று.

இவ்வளவும் கூறியது, திண்டிவனம் வட்டாரத்தின் பாறைக்கு வரவே. அங்கே பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் நீலச் சாம்பல் நிறக் கல். நிலத்தடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரியைக் கடந்த வெப்பத்தில், ஈரப்பசை அற்ற சூழலில் உருவாவது. கொல்கத்தாவை நிறுவியவராகக் கருதப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற கல்லை, புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் ஆராய்ந்து அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அண்டார்க்டிகா, நார்வே, மடகாஸ்கர் எங்கெல்லாம் இப்பாறை கிடைக்கிறதோ அங்கெல்லாம் அறிஞர்கள் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லோடு ஒப்பிட்டே பேசுகின்றனர். பரங்கிமலையில் இக்கல் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தெற்கே திண்டிவனத்தில் அதே கல் முக்கால் அங்குல ஜல்லி.

ஜல்லியாவது நம் வீட்டுக் கூரையில் சேர்கிறது. குன்னம் கறுப்புக் கல்லின் கதை வேறு. பழைய பாறையின் வெடிப்புகளில் கீழிருந்து பாய்ந்து உறைந்த டாலரைட் என்னும் கரிய பாறை, குறுகிய சுவர்போல் நெடுந்தொலைவு ஓடும். வணிகர் அதனைக் கறுப்புக் கிரானைட் என்பர். திண்டிவனம் வட்டாரத்துக் குன்னத்தின் பெயராலேயே அக்கல் அயல்நாட்டுச் சந்தையில் விலைபோகிறது. மெருகேறிக் கல்லறைகளிலும் மாளிகைத் தரைகளிலும் பதிகிறது. கீறலோ வெண்கோடோ இல்லாத கட்டிக்கே விலை. ஆகவே வெட்டியதில் சிறு பங்கே ஏற்றுமதியாகிறது. பெரும்பங்கு குவாரிக்கருகிலேயே குப்பைமேடாய்க் குவிகிறது. ஒரு குன்றைத் தின்று இன்னொரு குன்றைக் கழிவாக உமிழும் தொழில் இது.

இக்கறுப்புக் கல்லைப் பற்றியே இந்திய நீதிமன்ற வரலாற்றில் ஒரு பெருந்தீர்ப்பு பிறந்தது என்பதை நம் மக்கள் மறந்துவிட்டனர். தனியார் கண்டபடி வெட்டி வீணாக்குகின்றனர் எனக் கண்ட தமிழக அரசு, 1977 டிசம்பரில் சிறுகனிமச் சலுகை விதிகளில் 8-சி என்னும் விதியைச் சேர்த்து, கறுப்புக் கிரானைட் குத்தகையைத் தனியாருக்குத் தருவதை நிறுத்தியது. குத்தகையாளர் வழக்காடினர். 1981 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் சின்னப்ப ரெட்டி, ஆறும் காடும் கனிமமும் ஒரு தலைமுறை தீர்த்துவிடத்தக்க உடைமைகள் அல்ல என்றும், பின்வருவோர்க்காகவும் அவற்றைப் பேணுவது ஒவ்வொரு தலைமுறைக்கும் கடமை என்றும் தொடக்கத்திலேயே வரையறுத்தார். இயற்கை வளம் பற்றிய வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது. தமிழகத்துக் கல்லால் நாட்டுக்குக் கிடைத்த நெறி தமிழகத்துக் குன்றுகளுக்கு மட்டும் உதவாமல் போவது என்ன முறை?

உதவாமல் போவதற்குக் காரணம் சட்டம் இல்லாமையன்று, சட்டத்தின் அளவுகோல். தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின்படி, மையத் தொல்லியல் துறை காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மாநிலத்தின் சிறுகனிம விதிகளோ குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்கின்றன. நாடாவைப் பிடித்து அளப்போர் காக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து அளக்கின்றனர். குன்றின் அடியிலிருந்து அளப்பதில்லை. ஆதலால் ஒரே குன்றின் கிழக்கு முகம் பல்லவன் சின்னமாகவும் மேற்கு முகம் குத்தகைக்குரிய புல எண்ணாகவும் இருக்க இடமுண்டாகிறது. ஓவியமோ கல்வெட்டோ பட்டியலில் ஏறாத குன்றாயின் அந்த நூறு மீட்டரும் இல்லை. வெடியின் அதிர்வு அளவைக் கல்லைக் கண்டு நிற்பதில்லை. பாறையின் வெடிப்புகள் எவ்வழி ஓடுகின்றனவோ அவ்வழி ஓடும். ஏடேடாக உரியும் இயல்புள்ள கல்லில், காவி ஓவியம் தங்கியிருப்பது மேற்புறத்து ஏட்டில். அது பெயர்ந்தால் மீட்பதற்கில்லை.

நீரையும் கணக்கில் கொள்ளவேண்டும். மணற்பாறை நீரைத் தன்னுள் சேர்த்துவைக்கும். படிகப் பாறைக்கு அந்தக் கொடை இல்லை. அதன் வெடிப்புகளிலும் மேலுள்ள மொரம்பிலும் தங்கும் நீரே கிணறுகளுக்கு ஆதாரம். குன்றின் வெற்றுப்பாறை மழையைத் துளியும் குடிக்காமல் அடிவாரத்துக்கு அனுப்ப, அங்கே நம் முன்னோர் ஏரி அமைத்தனர். செஞ்சி வட்டத்தின் ஏரிகளை வரைபடத்தில் பாருங்கள். பெரும்பாலானவை ஏதோவொரு குன்றின் மடியில் இருக்கும். செஞ்சிக்கு மேற்கே பக்கமலைக் காட்டில் பிறக்கும் சங்கராபரணியும் இத்தகைய ஓடைகள் கூடியதே. வீடூர் அணை நிறைவதும் அவற்றால். கிணறுகளினும் ஆழமாகக் குவாரி இறங்கி, உள்ளே ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைக்கத் தொடங்கினால், வெடிப்புகளின் வழியே அண்டைக் கிணறுகள் வற்றும். கல்லெடுப்பு முடிந்தபின் எஞ்சும் செங்குத்துப் பள்ளத்தில் நீர் தேங்குகிறது. அத்தகைய பள்ளங்களில் குளிக்க இறங்கிய பிள்ளைகள் மூழ்கினர் என்ற செய்தி கோடைதோறும் தமிழகத்தின் ஏதோவோர் ஊரிலிருந்து வருகிறது.

கல்லே வெட்டக்கூடாதென்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வோர் தம் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கட்டும். சாலைக்கும் தண்டவாளத்துக்கும் மருத்துவமனைக்கும் கல் வேண்டும். ஆற்றுமணல் அள்ளுவதைக் குறைக்கவேண்டும் என்று முழங்கியவர்களுள் நாமும் உண்டு. அதற்கு மாற்றாக வந்த எம்-சாண்ட் இதே குன்றை அரைத்துச் செய்வதுதான். ஆற்றைக் காக்கக் குன்றைக் கேட்கிறோம் என்பதை மறைப்பதில் பயனில்லை. கல்லை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் ஏராளம். தீமூட்டிப் பாறையைச் சூடேற்றி, கல்லின் போக்கறிந்து உளியும் ஆப்பும் வைத்துப் பலகையாகப் பெயர்த்த கைகளுக்கு இன்று கம்ப்ரசர் துளைக்கும் குழிகளும் வெடிமருந்துமே மிச்சம். அக்கைகளுக்குக் கூலி குறைவு. நுரையீரலில் சேரும் சிலிக்காத் தூசு அதிகம். குன்று தீர்ந்த பின் அவர்கள் நிலை என்னவென்று குத்தகை எடுப்பவர் எவரும் கணக்கிடுவதில்லை. நாம் வேண்டுவது, எதை வெட்டலாம் எதை வெட்டலாகாது என்ற பாகுபாடு. சமவெளியில் மண்ணுக்கடியில் கிடக்கும் தரைமட்டப் பாறையும் இதே பாறைதான். ஜல்லிக்கு அதன் வலிமை குறைந்ததன்று. நிமிர்ந்து நிற்பதை வெட்டினால் செலவு குறைவு என்பதே குன்றின்மீது கை நீள்வதற்குக் காரணம். சென்னை மாநகராட்சி கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டட இடிபாடுகளை அரைத்து மீண்டும் பயன்படுத்த ஆலைகள் அமைத்திருக்கிறது. பெருநகர் தன் பழைய கல்லைத் திரும்ப உண்ணுமளவு திண்டிவனத்துக்குச் சுமை குறையும்.

அரசு கைக்கொள்ளத்தக்க முன்மாதிரியும் தமிழகத்திலேயே உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, குடைவரையையும் சமணப் படுக்கையையும் சுற்றி மீட்டர் அளக்கவில்லை. குன்றுகளையும் ஏரிகளையும் ஊற்றுகளையும் சேர்த்து ஒரே எல்லைக்குள் கொண்டுவந்தனர். அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலத்தை மைய அரசு 2025 ஜனவரியில் கைவிட்டதற்கு மக்கள் திரண்டதே முதற்காரணம் என்றாலும், அரசே வரைந்த அந்த எல்லை அவர்களுக்குக் கைவாளாயிற்று. செஞ்சிக் குன்றுகளுக்கும் பெருமுக்கலுக்கும் கீழ்வாலைக்கும் அத்தகைய எல்லை வேண்டும். புவிமரபுத் தலங்களைக் காக்க மையச் சுரங்க அமைச்சகம் ஒரு சட்ட வரைவை 2022 டிசம்பரில் வெளியிட்டது. அது சட்டமாகும் நாள்வரை மாவட்டம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. கையிலுள்ள விதிகளே போதும்.

சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஒவ்வொரு மாவட்டமும் தன் சிறுகனிமங்களைப் பற்றிய அளவாய்வு அறிக்கை ஒன்றை அணியமாக்கி, ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கவேண்டும். அவ்வறிக்கை இன்று எந்தக் குன்றில் எவ்வளவு கல் கிடைக்கும், அதனால் அரசுக்கு எவ்வளவு வரும் என்பதைச் சொல்வதற்கே பயன்படுகிறது. அதிலேயே ஒரு பகுதியைச் சேர்த்து, மாவட்டத்தின் குன்றுகள் ஒவ்வொன்றிலும் கல்வெட்டு, குடைவரை, ஓவியம், சுனை, ஏரி, அரிய பாறை அமைப்பு எவை உள என்று பதிவு செய்யவேண்டும். அவ்வாறு பதிவான குன்றின் எல்லையை அடிவாரத்திலிருந்து அளந்து, அப்புல எண்களை ஏலப் பட்டியலினின்றும் நீக்கவேண்டும். பட்டா நிலத்துக் குவாரிக்கு இசைவளிக்கும்போதும் இதே அளவு செல்லவேண்டும். புறம்போக்கில் காத்து பட்டாவில் விட்டால் குன்று பாதியாகும்.

புவியியல் ஆய்வகம், தொல்லியல் துறைகள், மாநிலப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகிய யாவும் தத்தம் ஏடுகளில் இக்குன்றுகளைப் பற்றித் துண்டு துண்டாக எழுதிவைத்துள்ளன. பாறை வரைபடம் ஓரிடம், கல்வெட்டுத் தொகுதி ஓரிடம், குத்தகைப் பதிவேடு ஓரிடம். மூன்றையும் ஒரே மேசையில் விரிப்பவர் எவரும் இல்லை. விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அதனைச் செய்யலாம். ஏலத்தை அறிவிக்கும் அதிகாரம் அவரிடமே உள்ளது. செலவுக்குப் பணமில்லை என்று கூற வழியில்லை. குத்தகையாளர் செலுத்தும் தொகையிலிருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒன்று இயங்குகிறது. கனிமம் எடுக்கப்படும் ஊர்களின் நலனுக்கென்றே திரட்டப்படும் நிதி அது. அவ்வூர்களின் பள்ளி ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், கல்லின் போக்கறிந்த பழைய கல்லுடைப்போர் ஆகியோரைத் துணைக்கொண்டால், குன்று குன்றாகச் சென்று பட்டியலிடும் இவ்வேலையை அடுத்த ஏல அறிவிக்கைக்கு முன்பே முடித்துவிடலாம். அதுவரை, பட்டியலில் வரக்கூடிய குன்றுகளில் புதிய குத்தகை எதனையும் அறிவியாது நிறுத்திவைக்குமாறு ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்.